எங்கள் பூனை என்னை 'அம்மா' என்கிறது, அத்தையிடம் மட்டும் 'ஏம்மா' என்கிறது

முற்றத்துவீடு (கும்பகோணம்) கேட்டது:

பூனை வளர்ப்பவர்கள் யாராவது இதைச் சிரிக்காமல் படித்துப் பதில் சொல்ல வேண்டும். சிரித்தாலும் பரவாயில்லை, பதில் வந்தால் சரி.

எங்கள் வீட்டில் சுண்டு என்று ஒரு பெண் பூனை. சாம்பல் உடம்பு, கறுப்புக் கோடு, வால் நுனி மட்டும் மசியில் தோய்த்த மாதிரி. நான் கல்யாணமாகி வந்த வருஷம் ஐப்பசி மழையில் கொல்லைக் கிணற்றடியில் கிடந்த குட்டி. இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டது. பழைய ஓட்டு வீடு. கூடத்தில் என் தையல் மிஷின், முற்றத்துக்கு அந்தப் பக்கம் சமையலறையில் அத்தையின் ராஜ்ஜியம். இரண்டு இடத்துக்கும் நடுவே நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பாள் சுண்டு.

விஷயம் இதுதான். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டால் என் காலடியில் வந்து நின்று 'ம்மா' என்பாள். 'மியாவ்' இல்லை. சுத்தமான 'ம்மா'. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது உள்ளே எட்டிப் பார்த்து, "குழந்தை எழுந்துடுச்சு போல, போய்ப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது. என் மகன் ஆறாவது படிக்கிறான். அவன் என்னை இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை, அது வேறு கதை.

அத்தையிடம் போனால் பாஷை மாறுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி, கேட்டவுடன் எழுந்திருக்க மாட்டார். அவர் எதிரில் உட்கார்ந்து 'ஏ...ம்மா' என்று இழுப்பாள். கடைசியில் குரல் மேலே போகும், கேள்வி கேட்கிற மாதிரி. அத்தை, "இருடி, வரேன்" என்பார். மறுபடி 'ஏ...ம்மா'. "அடுப்பில் கை வேலையா இருக்கேன்ல" என்பார். மறுபடி. இந்தப் பேச்சுவார்த்தை தயிர்சாதம் தட்டில் விழும்வரை நடக்கும். இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் 'ஏம்மா' என்று கூப்பிட்டே பழக்கம், அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டாள் என்பது அத்தையின் கட்சி.

இன்னும் சில விசித்திரங்கள் உண்டு. முற்றத்துக் கம்பிவலை மேல் குருவி உட்கார்ந்தால் தாடை டகடகவென்று ஆடும், தந்தியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சனிக்கிழமை ராத்திரி என் கணவர் சென்னையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால் அதை மோந்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கி வாயைப் பிளந்தபடி, அதிர்ச்சியான செய்தி கேட்டவள் போல நிற்பாள். என் அளவு டேப்பைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவாள். நூல்கண்டும் அப்படியே.

இதெல்லாம் வேடிக்கை. ஒன்று மட்டும் வேடிக்கையாக இல்லை. கொஞ்ச நாளாக, எல்லோரும் படுத்த பிறகு ரேழியில் போய் நின்று பெரிய குரலில் 'ஆ...ஓ...' என்று ஊளை மாதிரி இழுக்கிறாள். பகலில் கேட்கிற குரலே இல்லை. ரேழியில்தான் மாமாவின் ஈஸிசேர் இருக்கிறது, அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "அவரோட பேசறா, பேசட்டும் விடு" என்கிறார் அத்தை. எதிர்வீட்டு மாமியோ இது நல்ல சகுனம் இல்லை, மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை, தூக்கமும் இல்லை. சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. முன்னைவிட அதிகமாகவே கேட்டு வாங்கித் தின்கிறாள். ஆனாலும் தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுகிறது. வயசாகிறது இல்லையா.

என் கேள்வி: பூனை நிஜமாகவே நம் பேச்சைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுமா, இல்லை எங்கள் காதுக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? ராத்திரிக் கச்சேரியும் இதில் சேர்த்தியா?


வைகைக்கரை (தேனி) எழுதியது:

எங்கள் கடுவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவான், அதுவும் இங்கிலீஷில். குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றினால் 'நோஓஓ' என்று தெரு முழுக்கக் கேட்கும். ஒரு தடவை பக்கத்து வீட்டு டீச்சர் வந்து "பையனை ஏன் சார் அடிக்கிறீங்க" என்று கேட்டார். பூனையைத் தூக்கிக் காட்டினேன். சோப்பு நுரையோடு மறுபடி 'நோ' என்றான். டீச்சருக்கு அவ்வளவுதான், படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.


சாளைமீன் (தூத்துக்குடி) எழுதியது:

தங்கச்சி, நான் பூனை வளர்ப்பவன் இல்லை. பூனைகளோடு வேலை செய்பவன் என்று சொல்லலாம். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்கே எத்தனை பூனை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பல வருஷமாகப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பெரிய பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' சொல்லிக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை. சண்டை என்றால் சீறும், உறுமும், மதில் மேல் நின்று ஒன்றையொன்று பார்த்து நீளமாக ஊளையிடும். பெண் பூனை பருவத்துக்கு வந்தால் ஊரைக் கூட்டும். குட்டி தாயைத் தேடினால் 'மீ மீ' என்னும். மற்றபடி இரண்டு பூனை எதிரெதிரே வந்தால் வாலாலும் காதாலும் மூக்காலும் முடித்துக்கொண்டு போய்விடும். பேச்சே கிடையாது.

ஆனால் விடிகாலையில் மீன் வெட்டும் அக்காக்கள் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தார்கள் என்றால், அத்தனை பூனைக்கும் வாய் திறந்துவிடும். அங்கேதான் வேடிக்கை. ஒரு ஓரத்தில் உட்காரும் பெரியக்கா கொஞ்சம் இளகிய மனசு. அவரிடம் பூனைகள் சின்னதாக ஒரு குரல்தான் கொடுக்கும். சாளைத் தலை வந்து விழும். அவருக்கு எதிரில் உட்காரும் அக்கா கறாரானவர், காதும் கொஞ்சம் மந்தம். அவரிடம் அதே பூனை போய் அடித்தொண்டையில் கத்தும். அதிலும் காது அறுந்த ஒரு பழுப்புக் கடுவன், அவர் முழங்கை மேல் காலை வைத்துவிட்டுத்தான் கத்துவான். பெரியக்காவிடம் அவன் காலை வைத்துப் பார்த்ததில்லை. எந்த ஆளுக்கு எது போதும் என்று அவனுக்குத் தெரியும்.

உங்கள் சுண்டு உங்களிடம் ஒரு மாதிரியும் மாமியாரிடம் ஒரு மாதிரியும் பேசுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் முதலாளியும் அப்படித்தான், ஏலக்காரனிடம் ஒரு குரல், பேங்க்காரரிடம் ஒரு குரல்.

பூனையை மார்க்கெட்டில் விடச் சொல்லும் மாமிக்கு ஒரு செய்தி: வீட்டுப் பூனை இங்கே வந்தால் ஒரு வாரம் தாங்காது. ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் விடமாட்டார்கள். அந்த வேலை வேண்டாம்.


பனையடி (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட வீட்டுப் பூனை 'ஓம்' எண்டு சொல்லும். பசிக்குதோ எண்டு கேட்டால் ஓம். மீன் வேணுமோ எண்டாலும் ஓம். வெளியில போறியோ எண்டாலும் ஓம். அப்பா அதை வைத்து எல்லாருக்கும் வித்தை காட்டுவார். "நீ படிச்ச பூனைதானே?" எண்டு கேட்பார், அதுக்கும் ஓம்தான்.

போன வருஷம் சென்னையில் இருந்து ஒரு சொந்தக்காரர் வந்து நின்றவர். அவருக்கு அது 'ஓம்' எண்டு கேட்கவே இல்லை. "ஆமா, ஆமாங்குது" எண்டு சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரே பூனை, ஒரே சத்தம்.


நாக்குப்பயிற்சி (சேலம்) எழுதியது:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க 'மா', 'பா' கேட்டுக் கேட்டு என் காது அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உதட்டை மூடி மூக்கு வழியாக 'ம்' என்று ஆரம்பியுங்கள். குரலை நிறுத்தாமல் வாயைத் திறங்கள். 'மா' வந்துவிட்டதா? நாக்கை ஒன்றுமே செய்யவில்லை, பார்த்தீர்களா? திறந்த வாயை அப்படியே மெதுவாக மூடுங்கள், 'ஆவ்' என்று முடியும். பூனை செய்வது இவ்வளவுதான். 1944-ல் மில்ட்ரெட் மோல்க் என்பவர் வீட்டுப் பூனையின் ஒலிகளை 16 வகையாகப் பிரித்து எழுதினார். அவர் பிரித்த முறையே வாயை வைத்துத்தான்: வாய் மூடியபடி வரும் முனகல்கள், வாயைத் திறந்து மூடும்போது வரும் உயிரொலிகள், வாயை இறுக்கமாகத் திறந்து வைத்தபடியே வரும் ஊளை, சீறல் வகையறாக்கள். 'மியாவ்' நடுவிலிருக்கும் வகை.

ஆக, பூனையின் கையில் ஒரு 'ம்' இருக்கிறது, உயிரெழுத்துகள் இருக்கின்றன, 'ப்ர்ர்' என்று தொண்டையில் ஒரு உருட்டல் இருக்கிறது. க, ச, ட, த, ப கிடையாது. அவற்றுக்குக் காற்றை ஓரிடத்தில் அடைத்து விடுவிக்க வேண்டும், அந்தக் கைவேலை பூனைக்கு வராது. இப்போது யோசியுங்கள். பூனை பேசுகிறது என்று யார் சொன்னாலும் அது என்ன வார்த்தை? அம்மா, மாமா, ஆமா, ஓம், வா, ஏம்மா, நோ. 'பக்கத்து வீட்டுக் கதவு' என்று சொன்ன பூனையை யாரும் பார்த்ததில்லை. சுண்டு இத்தனை வருஷமாகத் தின்பது தயிர்சாதம், ஆனால் ஒரு நாளும் 'தயிர்' என்று கேட்டதில்லை. தேனி நண்பரின் கடுவன் சொல்வதிலும் 'ந' இருக்காது. மூக்கில் தொடங்கும் ஒரு 'ஓ'தான். கையில் சொம்போடு நிற்கிறவர் மறுப்பை எதிர்பார்த்தே நிற்கிறார், அதனால் 'ந'வை அவர் காது போட்டுக்கொள்கிறது.

யூடியூபில் 2006-லிருந்து சுற்றும், 'ஓ லாங் ஜான்சன்' என்று பேசுவதாகச் சொல்லப்படும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பெயரையும் மறந்துவிட்டு. மிரட்டலும் பயமும் கலந்த உறுமல், நடுவில் வாய் திறந்து மூடுகிறது. தலைப்பைப் படித்த பிறகுதான் ஜான்சன் வருகிறார்.

சரி, உண்மையிலேயே மனிதப் பேச்சை நகல் செய்யும் விலங்கு இல்லையா? உண்டு. கிளியும் மைனாவும் நமக்குத் தெரியும். பாஸ்டன் நகர நீர்வாழ் காட்சியகத்தில் ஹூவர் என்று ஒரு கடல்நாய் இருந்தது. மீனவக் குடும்பம் ஒன்று வளர்த்த அநாதைக் குட்டி. கரகரத்த ஆண் குரலில் ஆங்கிலத்தில் 'இங்கே வா' என்று பார்வையாளர்களை அதட்டும். 1985-ல் இறந்தது. தென்கொரியாவின் எவர்லேண்ட் பூங்காவில் கோஷிக் என்ற ஆசிய யானை, தும்பிக்கையை வாய்க்குள் விட்டு, உள்ளிருக்கும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக் கொரிய மொழியில் 'உட்கார்', 'படு', 'இல்லை', 'நல்லது' என்று சொல்லும். 2012-ல் அதைப் பற்றிய ஆய்வு வந்தது. கொரியர்களைக் கேட்க வைத்து எழுதச் சொன்னார்கள். உயிரொலிகள் நன்றாகப் பொருந்தின, மெய்யொலிகளில் தடுமாற்றம். அந்த யானை சின்ன வயதில் சில வருஷங்கள் வேறு யானையே இல்லாமல் மனிதர்களோடு மட்டும் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்கு அந்தப் பகுதி படிக்கக் கஷ்டமாக இருந்தது. பூனை இந்த வரிசையில் இல்லை. கேட்ட ஒலியைத் தொண்டையில் புதிதாகச் செய்து பார்க்கும் திறமை அதற்கு இருப்பதாக யாரும் காட்டவில்லை.

அத்தை சொல்வதைத் தள்ளிவிடவும் மாட்டேன். ஒலியைக் கற்கவில்லை, எந்த ஒலியை எப்போது யாரிடம் என்பதைக் கற்றிருக்கிறது. தூத்துக்குடி அண்ணன் சொன்னது ஆய்வாளர்களும் சொல்வதுதான்: 'மியாவ்' குட்டி தாயிடம் பேசும் மொழி, வளர்ந்த பூனை அதை மனிதர்களுக்கென்று வைத்துக்கொள்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்து நிக்காஸ்ட்ரோ 2004-ல் வீட்டுப் பூனையின் குரலையும், அதன் மூதாதை இனமான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் குரலையும் ஆட்களைக் கேட்க வைத்தார். வீட்டுப் பூனையுடையது குறுகியது, சுருதி உயர்ந்தது, கேட்டவர்களுக்கு இனிமையாகவும் இருந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் 2009-ல் இன்னொன்றைக் காட்டினார். சாப்பாட்டுக்காகப் பூனை 'ப்ர்ர்' என்று உருட்டும்போது அந்தத் தாழ்ந்த உருட்டலுக்குள் மெல்லிய அழுகை ஒன்று ஒளிந்திருக்கிறது, சுமார் 380 ஹெர்ட்ஸில். கைக்குழந்தை அழுகையின் சுருதி 300 முதல் 600. நம்மால் அதைச் சும்மா கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. ரவிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்ததில் வியப்பென்ன?

சுருதி விஷயத்தில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷொட்ஸ் என்ற ஒலியியலாளர் நிறைய வேலை செய்திருக்கிறார். 2021-ல் அவருக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கிற பரிசு. அவரும் சக ஆய்வாளரும் பார்த்தது: சாப்பாடு கேட்கும்போது குரல் கடைசியில் மேலே போகும், மருத்துவரிடம் கொண்டுபோகும்போது கீழே இறங்கும். அத்தையிடம் 'ஏ...ம்மா' கடைசியில் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுண்டுவின் 'ம்மா'வை போனில் பதிவு செய்து, எந்த நேரம், எதற்கு என்று சொல்லாமல் புது வாடிக்கையாளர்களிடம் போட்டுக் காட்டுங்கள். ராத்திரிக் குரலையும் அதேபோல. நிக்காஸ்ட்ரோ 2003-ல் இதே மாதிரி செய்தபோது, பூனை எதற்காகக் கத்துகிறது என்று ஆட்கள் சரியாகச் சொன்னது குருட்டாம்போக்கைவிடக் கொஞ்சம்தான் மேல்.

அந்த ராத்திரிக் குரல் மோல்க் சொன்ன மூன்றாவது வகை போலிருக்கிறது. அதில் பேச்சு இல்லை. அது என் துறையும் இல்லை.


ஊசிபோடுபவன் (கோவை) எழுதியது:

என் துறை. கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை, நாய் பூனைதான் அதிகம். மேலே எல்லோரும் அழகாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சகோதரி எழுதியதில் கடைசிப் பத்தியை யாரும் தொடவில்லையே.

வயது பத்துக்கு மேல். நிறையத் தின்கிறது. இளைக்கிறது. ராத்திரி ஊளை. இந்த நாலும் சேர்ந்து வந்தால் எங்கள் டாக்டர் முதலில் கேட்பது தைராய்டு. கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி அதிகமாக வேலை செய்தால் உடம்பு தின்றதையெல்லாம் எரித்துவிடும், இதயம் ஓடும், பூனைக்கு நிம்மதி இருக்காது. வயதான பூனைகளில் சாதாரணமாக வருகிற வியாதி. 'வயசாகிறது இல்லையா' என்று எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள், அதற்குள் பூனை பாதியாகிவிடும்.

டி4 என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அதோடு சிறுநீரகத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த அழுத்தமும். ரத்த அழுத்தம் ஏறினால் பூனைக்குத் திடீரென்று கண் போகும். விளக்கைப் போட்ட பிறகும் கண் பாப்பா பெரிதாகவே நின்றால், சாமான்களில் முட்டிக்கொண்டால், அன்றைக்கே கிளம்ப வேண்டும். காது போயிருந்தாலும் பெரிய குரலில் கத்தும், தன் குரல் தனக்கே கேட்காது. அது தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், காது திரும்புகிறதா என்று. கருத்தடை செய்ததா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாத பெண் பூனை பருவத்துக்கு வந்தாலும் ராத்திரி கத்தும், நம் ஊர் வெயிலுக்கு வருஷத்தில் எந்த மாதமும் வரலாம். ஆனால் அதற்கு இளைக்காது. மூளை தளர்ந்தும் சில கிழப் பூனைகள் இருட்டில் வழி தெரியாமல் நின்று கத்தும். மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போய்விடலாம்.

இன்னொன்று, இது உங்கள் ஊளையைவிட எனக்குப் பயம். தையல் வீடு, நூல்கண்டைக் கவ்வுகிறது என்கிறீர்கள். பூனை நாக்கில் பின்பக்கம் பார்த்த முள் உண்டு. நூல் அதில் சிக்கினால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியில் மாட்டி, மறு முனை குடலுக்குள் போனால் குடல் சுருங்கி அறுபடும். ஊசியோடு விழுங்கிய கேஸும் எங்களிடம் வந்திருக்கிறது. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம். ராத்திரி நூல்கண்டு எல்லாம் மூடி போட்ட டப்பாவில் போகட்டும்.

செருப்பை மோந்து வாயைப் பிளப்பது சாதாரணம். மேல் முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு சின்னத் துளை, அதற்கு மேலே ஒரு மோப்ப உறுப்பு. வாசனையை அங்கே அனுப்பிப் பார்க்கிறது. உங்கள் கணவர் வழியில் எந்தப் பூனையைத் தாண்டி வந்தார் என்று படிக்கிறாள். குருவிக்குத் தாடை ஆடுவதும் எட்டாத இரையைப் பார்க்கிற பரபரப்பு. டேப்பைத் தண்ணீரில் போடுவது அவள் இஷ்டம், அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

வலி என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனையின் உயிருக்கே ஆபத்து.

கடுவன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேனி அண்ணே, இது உங்களுக்கும்தான். மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டு மூத்திரம்கூட வராமல் கத்தினால் அது பேச்சில்லை, சிறுநீர்ப் பாதை அடைப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.


முற்றத்துவீடு (கும்பகோணம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கருத்தடை குட்டியிலேயே செய்தாயிற்று. கை தட்டினால் காது உடனே திரும்புகிறது. கோவை அண்ணன் சொன்னதைப் படித்த அன்றே கண்ணைப் பார்த்தேன், நல்லவேளையாக ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தம் எடுத்தோம். டி4 அதிகம்தான். சிறுநீரகம் இப்போதைக்குப் பரவாயில்லை என்றார். கழுத்தில் சின்னதாக ஒரு முடிச்சு இருப்பதை என் விரலை வைத்துக் காட்டினார். தினமும் தடவுகிற கழுத்து. தைராய்டைக் குறைக்கும் மாத்திரை, காலையும் மாலையும்.

போகும்போது பஸ்ஸில் கூடைக்குள்ளிருந்து வந்த குரல் சேலத்துச் சகோதரி சொன்ன மாதிரியேதான், ஒவ்வொன்றும் கடைசியில் கீழே இறங்கியது. அத்தையும் கூடவே வந்தார். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிவையும் போட்டுக் காட்டினேன். 'ம்மா'வுக்கு ஒரு அம்மா, "யார் வீட்டுக் குழந்தை, பாவம்" என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி 'வா' என்று கேட்கிறது என்றாள். பட்டன் வைக்க வந்த பெரியவர் அது பூனையே இல்லை, மயில் என்று சாதித்தார். ராத்திரிக் குரலுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்து, "எதுக்கோ கஷ்டப்படுது" என்றார்கள்.

எதிர்வீட்டு மாமி ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் தைராய்டு மாத்திரைதான், ஆனால் குறைச்சலுக்கு. இப்போது சகுனப் பேச்சை விட்டுவிட்டு, "உடம்பு எப்படி இருக்கு அவளுக்கு" என்று தினமும் கேட்கிறார்.

ஒரே பிரச்சினை, மாத்திரை. தயிர்சாதத்தில் வைத்தால் சாதத்தை நக்கிவிட்டு மாத்திரையைத் தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போகிறாள். பொடித்துக் கலக்கலாமா?


ஊசிபோடுபவன் (கோவை) எழுதியது:

பொடிக்க வேண்டாம். கசக்கும், அப்புறம் தயிர்சாதத்தையே தொடமாட்டாள். அந்தத் தூள் உங்கள் கைக்கும் நல்லதில்லை. வீட்டில் கர்ப்பிணி யாராவது வந்து போனால் அவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

வேகவைத்த மீன் துண்டை முதலில் மாத்திரை இல்லாமல் ஒன்று கொடுங்கள். இரண்டாவதில் மாத்திரையை வைத்து, மூன்றாவதைக் கண்ணில் படும்படி கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைப் பார்த்து அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது. கருவாடு வேண்டவே வேண்டாம். வாயைத் திறந்துதான் போட வேண்டியிருந்தால், போட்ட பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரைக் கன்னப் பக்கமாக விடுங்கள். காய்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடாதீர்கள். நடுவில் வாந்தி வந்தாலோ, முகத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ அதுவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.


வைகைக்கரை (தேனி) எழுதியது:

மூன்று துண்டு வித்தையை எங்கள் கடுவனிடம் பூச்சி மாத்திரைக்குச் செய்து பார்த்தேன். மூன்று துண்டும் போச்சு, மாத்திரை என் சட்டைப் பையில் கிடக்கிறது. எப்படி வந்தது என்று எனக்கும் தெரியவில்லை. அண்ணே, சிரிஞ்சு மருந்துக்கடையிலேயே கிடைக்குமா?


ஊசிபோடுபவன் (கோவை) எழுதியது:

கிடைக்கும். ஊசி வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். பூச்சிக்குச் சொட்டு மருந்தும் இருக்கிறது, கழுத்துக்குப் பின்னால் தோலில் விடுவது. உங்கள் கடுவனுக்கு அதுதான் சரி. எடையைச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நாய்க்கான சொட்டு மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம்.